‘நல்லா இருக்கு’ என்பது ஒரு வாசனை இல்லை

ஆம்பூரில் ஒரு கல்யாண விருந்து. பிரியாணி வந்துவிட்டது. பெண்ணின் தகப்பனார் ஒவ்வொரு மேசையாக வந்து, நெஞ்சில் கை வைத்து, "எப்டி இருக்கு, எப்டி இருக்கு" என்று கேட்டுக்கொண்டே போகிறார். ஊரே "சூப்பர் பாய்" என்று சொல்லி அவரை அனுப்பிக்கொண்டிருக்கிறது. எங்கள் மேசைக்கு வந்தார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர் வாயில் இருந்ததை நிதானமாக மென்று முடித்து, "பட்டை ஒரு துண்டு ஜாஸ்தி பாய். அரிசியும் புது அரிசி. இன்னும் கொஞ்சம் பழசா இருந்தா ஒட்டாம வந்திருக்கும்" என்றார்.

நான் மேசைக்கு அடியில் அவர் காலை ஓங்கி மிதித்தேன். அவர் என் பக்கம் திரும்பி, சத்தமாகவே, "ஏம்மா மிதிக்கிற? ஜாஸ்திதான?" என்று கேட்டார்.

ஜாஸ்திதான். அதுதான் கொடுமை. அவர் சொன்ன பிறகு எனக்கு அந்தப் பட்டையைத் தவிர வேறு எதுவுமே வாயில் தெரியவில்லை. பெண்ணின் தகப்பனார் முகம் தொங்கிப்போய் அடுத்த மேசைக்குப் போனார். இவரோ இரண்டாவது தடவை கேட்டு வாங்கி, எலும்பு வரைக்கும் ருசித்துச் சாப்பிட்டார். "குறை சொன்னா புடிக்கலன்னு உனக்கு யாரு சொன்னது?" என்று என்னையே மடக்கினார்.

நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். தோல் கம்பெனியில் தரம் பிரிக்கிற வேலை. குரோம் போட்டுப் பதப்படுத்தின தோல் நீல நிறத்தில் ஈரமாக மேசைக்கு வரும். அவர் அதை விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, ஓரத்தைத் தூக்கி ஒரு மோப்பம் பிடித்து, முதல் ரகம், இரண்டாம் ரகம், கழிவு என்று தள்ளிக்கொண்டே இருப்பார். உண்ணி கடித்தது, முள் கிழித்தது, அம்மை போட்டது, உரிக்கிறபோது கத்தி இறங்கியது எல்லாம் அவர் கைக்குத் தெரியும். முப்பது வருடம் நாள் முழுக்கக் குறையை மட்டுமே தேடிப் பார்த்த மனிதர். அவரிடம் போய் சட்டை எப்படி, சாம்பார் எப்படி என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்? ஆனாலும் ஜனங்கள் கேட்டார்கள். கேட்டுவிட்டு, "சரியான பேஜார் புடிச்ச ஆளு" என்று திட்டினார்கள்.

நான் அதே ஊரில், தோல் கம்பெனிகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில், ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள். என் மூக்கு கண்ணாடி மாட்டத்தான் லாயக்கு என்று நானே நினைத்திருந்தேன். அப்படிப்பட்ட என்னையும் ஒயின் கிளப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

கிளப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஏற்றுமதிக் கம்பெனி மேனேஜர் ஒருவர் தோல் கண்காட்சிக்கு இத்தாலி போய்ப் போய் வந்து, அங்கே ஒயினை எப்படி மோந்து பார்த்து, வாயில் சுழற்றி, மார்க் போடுகிறார்கள் என்பதைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டார். ஒரு புத்தகமும் ஒரு டஜன் மெல்லிய கண்ணாடிக் கோப்பைகளும் வாங்கி வந்தார். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, மத்தியானம் மூன்று மணிக்கு அவர் வீட்டு மாடியில் ஏழு பேர் கூடுவோம். பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி எண் போட்டு வைத்திருப்பார். நிறம், மூக்கு, நாக்கு, வாயை விட்டுப் போன பிறகு எவ்வளவு நேரம் நிற்கிறது, எல்லாவற்றையும் காகிதத்தில் எழுத வேண்டும். குடிக்கக் கூடாது. ருசி பார்த்துவிட்டுக் கறுப்பு பக்கெட்டில் துப்ப வேண்டும். முதல் மாதமே அந்த வீட்டில் வேலை செய்கிற அம்மா பக்கெட்டைக் கழுவப் போய்ப் பயந்துவிட்டார். சிவப்பாக அவ்வளவு எச்சில். ஏழு பேருக்கும் டி.பி. என்று தெருவெல்லாம் பேச்சு. விஷயம் தெரிந்த பிறகு எங்களுக்குத் துப்புற சங்கம் என்று பெயர் வைத்தார்கள்.

அண்ணன் அந்தச் சங்கத்துக்கு வந்தது முதல் நாளே ஒரு தகராறோடுதான். மேனேஜர் புத்தகத்தைப் பார்த்து, "இந்த ஒயின்ல தோல் வாசனை வரணும். எல்லாரும் தேடுங்க" என்றார். ஆளாளுக்குக் கோப்பைக்குள் மூக்கை விட்டோம். ஒருவருக்கும் வரவில்லை. ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு தோல் வாசனையைத் தேடினால் எங்கே கிடைக்கும்? அதில்தானே பிறந்ததிலிருந்து மூச்சு விடுகிறோம். அண்ணன் மட்டும் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார். "எந்தத் தோல்? உப்பு போட்டதா, சுண்ணாம்புலேந்து எடுத்ததா, குரோம் போட்டதா, பாலிஷ் போட்டதா?"

மேனேஜர் புத்தகத்தைப் புரட்டினார். "அதெல்லாம் போடல. தோல்னுதான் போட்டிருக்கு."

"அப்போ எழுதினவருக்குத் தோல் தெரியாது" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கோப்பையை எடுத்து மோந்தார். "இது கடுக்காயில ஊறின ஆட்டுத்தோல். காஞ்சு ஒரு மாசம் ஆனது. அதுக்கப்புறம் நாவப்பழம்."

அவர் சொன்ன பிறகு மற்ற ஆறு மூக்குகளுக்கும் அது வந்தது. எனக்கும்தான். அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. நாற்பத்தாறு வயதில் மூக்கு முளைத்த மாதிரி குதித்தேன்.

ஒயினுக்குத் துவர்ப்பு தருவது டானின் என்று புத்தகத்தில் பார்த்ததும், "அட, இது நம்ம ஊர் சரக்காச்சே" என்றார். அடுத்த மாதம் கடுக்காய், ஆவாரம்பட்டை, வேலம்பட்டை மூன்றையும் தனித்தனியாக ஊறவைத்து மூன்று டம்ளரில் கொண்டுவந்துவிட்டார். எல்லாம் தோல் பதப்படுத்தப் போடுகிற சரக்கு. எங்கள் வாயில் ஊற்றி, துவர்ப்பு நாக்கில் பிடிக்கிறதா, ஈறில் பிடிக்கிறதா, கன்னத்தில் பிடிக்கிறதா என்று கேட்டார். எங்கள் கூட்டத்தில் இருந்த பல் டாக்டர் அம்மா அரை மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு எந்தச் சிவப்பு ஒயினை வாயில் வைத்தாலும் எது பட்டை, எது காய் என்று எங்களால் சொல்ல முடிந்தது.

நான் ஒருநாள் ஒரு வெள்ளை ஒயினைப் பற்றிச் சும்மா இருக்க முடியாமல், "நல்லா இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்லா இருக்குன்றது ஒரு வாசனை இல்லம்மா. இன்னா இருக்கு, அத சொல்லு."

அது சங்கத்தின் சட்டமாகவே ஆகிவிட்டது. காகிதத்தில் அந்த வார்த்தையை எழுதினால் மேனேஜர் மார்க்கைக் குறைப்பார்.

சர்ச்சிலும் அவரைச் சும்மா வைத்துக்கொள்ள முடியவில்லை. திருவிருந்து முடிந்து வெளியே வருகிறபோது போதகரிடம் போய், "ஐயா, அந்த திராட்சை ரசத்த ரெண்டு வாரம் முன்னாடியே தொறந்து வெச்சிட்டீங்க. ஃப்ரிட்ஜுல பக்கத்துல மீன் இருந்துச்சா?" என்று கேட்டார். போதகர் பாவம், நல்ல மனிதர். "இருந்துச்சு" என்று ஒத்துக்கொண்டார்.

இத்தனையையும் தாங்கிக்கொண்டு ஒரு மனுஷி அவரோடு இருபத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தினார் என்றால், அது அண்ணிதான். தாங்கிக்கொண்டு என்று சொல்வதுகூடத் தப்பு. அண்ணிக்கு அது பிடித்திருந்தது. பிள்ளைகள் இல்லை. ஞாயிறு பள்ளி டீச்சர். சபையில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் அவருடைய பிள்ளைகள். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அவர்களை வைத்து நாடகம் போடுவார். மேய்ப்பர்களுக்குத் தாடி ஒட்டுவது முதல் ஆட்டுக்குட்டிக்கு வால் தைப்பது வரை எல்லாம் அண்ணி. அந்த ஆட்டுக்குட்டி வாலுக்குத் தோல் துண்டு கொடுக்கிறவர் அண்ணன். கொடுத்துவிட்டு, "வால் பொறக்கிற இடம் இது இல்ல, இன்னும் கீழ" என்று அதற்கும் குறை சொல்வார்.

அண்ணி வருடா வருடம் வீட்டில் ஒயின் போடுவார். அக்டோபரில் பன்னீர் திராட்சை வாங்கி, பீங்கான் ஜாடியில் சர்க்கரையும் கோதுமையும் ஏலக்காயும் போட்டு, துணி கட்டி, தினமும் மரக்கரண்டியால் கிளறி, மூன்று வாரம் கழித்து வடிகட்டி, பாட்டிலில் அடைத்து வைப்பார். எங்கள் டிசம்பர் கூட்டத்துக்கு மட்டும் அண்ணியும் வருவார்; அதில் கடைசி பாட்டில் எப்போதும் அவருடையது. அண்ணன் எழுந்து நின்று மார்க் போடுவார். ஒரு வருடம், "கோதுமை தூக்கலா போச்சு, கஞ்சி வாசனை." இன்னொரு வருடம், "வடிகட்ன துணியில சோப்பு இருந்துச்சு." அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சண்டைக்கு வருவார். "சோப்பா? நீங்க தான அலசினீங்க?" எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஒரு தடவை அண்ணி என்னிடம் தனியாகச் சொன்னார். "எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்றாங்கம்மா. யாரு நெஜமா குடிச்சாங்க? இவரு ஒருத்தருதான் குடிச்சிட்டு சொல்றாரு."

அண்ணன் இப்போது ஆம்பூரில் இல்லை. வீட்டைக் காலி செய்துவிட்டு கோலார் பக்கம் தங்கை வீட்டோடு போய்விட்டார். நம்பர் இருக்கிறது. கூப்பிட்டால் எடுப்பார். நான்தான் கூப்பிடவில்லை.

அண்ணி கடைசியாக ஒயின் போட்ட வருடம், அக்டோபர் கடைசியில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாயில் எதை வைத்தாலும் இரும்பைக் கடித்த மாதிரி இருக்கிறது, ருசியே தெரியவில்லை என்றார். ஒரே மாதத்தில் ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரிக்கு அலைந்தார்கள். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, சதை எடுத்துப் பரிசோதனை. டிசம்பர் இரண்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அண்ணன் எங்கள் நிலையத்து வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்க்க அங்கே அவர் வந்ததே இல்லை. தொட்டிகளில் நுரை தள்ளிக்கொண்டிருந்தது. அந்த நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ரிப்போர்ட் வந்துச்சும்மா. செவ்வாக்கெழம. கணையத்துல. ஈரலுக்கும் போய்டுச்சாம்."

"அண்ணிக்கு?"

"தெரியாது. டாக்டர் என்ன தனியா கூப்ட்டு சொன்னாரு. இன்னும் ரிப்போர்ட் வரலன்னு சொல்லி வெச்சிருக்கேன். நாடகத்துக்கு பசங்கள ரெடி பண்ணிக்கினு இருக்கா. அது முடியட்டும். கிறிஸ்மஸ் முடியட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்."

நான் சண்டை போட்டேன். "அது அவங்க உடம்புண்ணே. அவங்ககிட்டயே மறைக்கிறது நியாயமா?"

"நியாயம் இல்லதான். பதினஞ்சு நாளு, அவ்ளோதான் கேக்குறேன்." பிறகு அவர் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "ஞாயித்துக்கெழம அவ பாட்டில் இருக்குதுல்ல. இந்த வருஷம் கெட்டுப் போச்சும்மா. நாங்க ஆஸ்பத்திரில கெடந்தப்போ கிளற ஆளில்ல, நேரத்துக்கு வடிகட்டவும் இல்ல. முழுசா வினிகர். சமையக்கட்டுல நொழைஞ்சதும் மூக்குல ஏறுது. அவளுக்கு ஒண்ணும் தெரியல. ஆசையா பாட்டில்ல அடைச்சு வெச்சிருக்கா. அத போய் நான் எப்டி குறை சொல்லுவேன்? இந்த நெலமையில? நீ எப்டிம்மா பொய் சொல்ற? எனக்கு சொல்லிக்குடு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் பெரிய பொய்க்காரிதான், ஒத்துக்கொள்கிறேன். புடவை நல்லா இருக்கு, குழந்தை அழகு, கேக் பிரமாதம் என்று தினம் பத்து சொல்கிறவள். அந்த வாசலிலேயே, லாரிகள் போய் வருகிற புழுதியில் நின்றுகொண்டு, பாடம் ஆரம்பித்தேன்.

"மோந்து பாருங்க. ஒரு வாய் குடிங்க. துப்பாதீங்க. அண்ணி மூஞ்சிய பாத்து, சிரிச்சிக்கினு, நல்லா இருக்குன்னு சொல்லுங்க. அவ்ளோதான். எங்க, சொல்லுங்க பாக்கலாம்."

"நல்லா இருக்கு."

"இது போலீஸ்ல வாக்குமூலம் குடுக்குற மாதிரி இருக்கு. சிரிங்கண்ணே."

"நல்லா இருக்கு."

"இன்னும் கொஞ்சம் இழுங்க. நல்லாஆ இருக்கு."

அறுபது வயதை நெருங்கிய மனிதர், கையைக் கட்டிக்கொண்டு, பிள்ளை மாதிரி என் பின்னால் சொன்னார். எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ ஓரளவுக்கு வந்துவிட்டது. நானே கை தட்டினேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனபோது எனக்குப் பெரிய உதவி செய்துவிட்ட நினைப்பு. மற்ற ஐந்து பேரையும் போனில் பிடித்து விஷயத்தைச் சொன்னதும் நான்தான். இந்த வருடம் அண்ணி பாட்டிலுக்கு யாரும் குறை எழுதக் கூடாது, எல்லோரும் முழு மார்க் என்று முடிவு செய்தோம். பல் டாக்டர் அம்மா போனிலேயே அழுதுவிட்டார். சமாதானம் சொன்னவளும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி பச்சைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். மாடிப்படி ஏறி முடித்ததும் மூச்சு வாங்கியது. உட்கார்ந்த உடனே, இந்த வருடம் ஏரோது ராஜாவாக நடிக்கிற பையனுக்கு வசனம் வரவில்லை, மிரட்ட வேண்டிய இடத்தில் கெஞ்சுகிறான் என்று சொல்லிச் சிரித்தார். மற்ற பாட்டில்களை நாங்கள் என்ன ருசித்தோம், என்ன எழுதினோம் என்று எனக்கு நினைவில்லை. கடைசியாக அண்ணி தன் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். மேனேஜர் மூடியைத் திருகியதுமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஊறுகாய்க் கடையில் நுழைந்த மாதிரி மூக்கில் ஏறியது.

மேனேஜர் ஒரு வாய் குடித்துவிட்டு, "சூப்பர் அண்ணி" என்றார். பல் டாக்டர் அம்மா, "ரொம்ப நல்லா இருக்குக்கா" என்றார். நான் என் பங்குக்கு, "நல்லா இருக்கு அண்ணி, போன வருஷத்த விட நல்லா இருக்கு" என்றேன். தொண்டை எரிந்தது. அண்ணி எங்கள் யாரையும் பார்க்கவில்லை. அவர் அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் எழுந்து நின்றார். கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மோந்தார். வாயில் வைத்தார். துப்பாமல் முழுங்கினார். நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒன்று விடாமல், அண்ணி முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "நல்லாஆ இருக்கு" என்றார்.

அண்ணி சிரிக்கவில்லை. "இன்னா வாசனை?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு."

"மூக்குல இன்னா வருது? நாக்குல இன்னா நிக்குது? சொல்லுங்க."

"எல்லாமே நல்லாதான் இருக்கு."

அண்ணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஏழு பேரும் காகிதத்தைப் பார்த்தோம். பிறகு, ரொம்ப சாதாரணமாக, கடைக்குப் போய் வந்தீர்களா என்று கேட்பது போல, "ரிப்போர்ட் எப்போ வந்துச்சு?" என்றார்.

அண்ணன் வாயைத் திறந்தார். நான் மனதுக்குள் கத்தினேன், இன்னும் வரவில்லை என்று சொல்லுங்கள், சொல்லுங்கள். அதை நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"செவ்வாக்கெழம" என்றார்.

"எவ்ளோ நாளாம்?"

"ஈஸ்டர் வரைக்கும் இருந்தாலே ஜாஸ்தின்னாரு."

அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, எங்கள் எல்லோர் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதார். மேனேஜர் தண்ணீர் எடுத்து வரப் போனவர் திரும்பி வரவே இல்லை. அண்ணி எழுந்து போய் அண்ணன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கையை எங்கே வைப்பது, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் தலைமுடியைக் கோதிக்கொண்டே அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீதான சொல்லிக்குடுத்த?"

நான் தலையை ஆட்டினேன்.

"ஏலக்கா ஒண்ணு ஜாஸ்தியா போச்சுன்னு சொல்ல வெச்சிருக்கக் கூடாதாம்மா? நம்பியிருப்பேனே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

கிறிஸ்மஸுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.